அரைப் பேர்

பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் கெம்பஸ் மிஸ் அந்தோணியம்மாவுக்குத் தரவேண்டியது அறுநூற்று எழுபத்தைந்து ரூபாய். இரத்தம் எடுத்த அன்று தேயிலை மலைக்குப் பிந்திப் போனதில் கொழுந்து நிறை போதாமல் கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போட்டார். விடுபட்ட அரைநாள் சம்பளத்தைத் தாங்களே தருவதாக மிஸ் அன்று சொன்னார். மகளின் உடைந்த மூக்குக்கண்ணாடி தலவாக்கலைக் கடையில் செய்து கிடக்கிறது. அந்தக் காசு வந்தால்தான் எடுக்கலாம். இன்று ஆராய்ச்சி முடிவைச் சொல்ல அதே மிஸ் வந்திருக்கிறார். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பிராவின் ஈரச் சுவரில் படம் காட்டும் மெசினின் நீல வெளிச்சம் நடுங்குகிறது. தகரத்தில் மழை இரைகிறது. வேலை விட்ட பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமலே தரையில் குந்தியிருக்கிறார்கள். அட்டை கடிக்காமலிருக்கப் பூசிய சவர்க்காரம் கால்களில் வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. “ஒங்க எல்லாருக்குமே ரத்தம் கொறைவும்மா. சாப்பிட்ட ஒடனே தேத்தண்ணி குடிக்காதீங்க, சாப்பாட்டுல உள்ள இரும்புச்சத்த அது ஒடம்புல சேர விடாது,” என்கிறார் மிஸ். “அட்ட குடிச்சது போக மிச்சத்த நீங்கதானே கொண்டு போனீங்க,” என்று பக்கத்து லயத்துச் சர்மிளா முணுமுணுக்கிறாள். சிரிப்பு பரவுகிறது. அந்தோணியம்மா சிரிக்காமல் எழுந்து முன்னால் போகிறாள். “மிஸ், அந்த அரைப் பேர் காசு…” “காசாக் குடுக்க மேல விடலம்மா. அதுக்குப் பதிலா ஆளுக்கொரு பரிசு கொண்டாந்திருக்கோம்.” பொன் எழுத்துப் போட்ட அட்டைப்பெட்டி ஒன்று அவள் கைக்கு வருகிறது. மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறாள். வீட்டில் இடித்த தூளையே குடித்துப் பழகியவளுக்கு இந்த வாசம் புதிது. உள்ளே முதல்தரத் தேயிலை. கணக்குத் தீர்ந்ததென்று நீட்டிய தாளில், கறை பிடித்த விரலால் பேனாவை இறுக்கி அவள் கையெழுத்துப் போடுகிறாள்.