ஸுலாய் எடுக்காத கை

சமர்கந்தில் புலோர் இறந்த ஆறாம் நாள் பகல். யூதர்களின் துக்க வழக்கப்படி துணி போர்த்திய கண்ணாடியின் கீழே அவள் கணவர் அம்னூன் தரையில் அமர்ந்து, துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறார். "எம் பொண்ணுக்கு ஜெபமெல்லாம் நானே சொல்லிக் குடுத்தேன்." புலோரின் தம்பி தேநீரை ஊதுகிறான். "நீங்க வீட்டுல இருந்தது எப்ப மச்சான்?" அம்னூன் தாடியை நீவியபடி மகளைக் கூப்பிடுகிறார். ஐந்து வயது ஸுலாய் வலது கையால் கண்களை மூடி, "கேள் இஸ்ரவேலே, ஆண்டவர் ஒருவரே" என்று பிசகாமல் சொல்கிறாள். சபை தலையாட்டுகிறது. சொல்லி முடித்தும் கை இறங்கவில்லை. "முடிஞ்சுதும்மா, கையை எடு." "அம்மா என் கைல முத்தம் குடுத்தாத்தான் எடுக்கணும்." இந்த வழக்கத்தை அதுவரை அறியாத அம்னூன் அவசரமாகக் குனிந்து முத்தமிடுகிறார். "நீங்க இல்லப்பா" என்று அவள் விரல்களை இன்னும் இறுக்கிக்கொள்கிறாள்.