கொள்ளி வைக்காத மகன்

“பெத்த அப்பன் சுடுகாட்டுக்குப் போயிட்டிருக்கார். மகன் நீங்க இங்க வெத்தலை மென்னுகிட்டு உட்கார்ந்திருக்கீங்க!”

பாலிகட் சமஸ்தானத்தில் வெள்ளைக்காரர்களின் பிரதிநிதியான பெல்லட் துரை, அரியாசனத்துக்கு முன்னால் பூட்ஸ் காலோடு நின்று கத்தினார். அதில் உட்கார்ந்திருந்த ஜோராவர் சிங் வெற்றிலையை அவசரமாக விழுங்கினான். தகப்பனார் மகாராவல் லாகன் சிங்குக்கு விடியற்காலையில் சாவு முரசு கொட்டியாகிவிட்டது. உடனே மகனுக்குப் பட்டமும் கட்டியாகிவிட்டது.

“எங்க வழக்கம் துரை அது,” என்றார் திவான் ஹுகம்சந்த். “அரியாசனம் ஒரு நிமிஷம்கூடக் காலியா இருக்கக் கூடாது. பட்டத்துக்கு வந்தவர் கொள்ளி வைக்க மாட்டார், அழவும் மாட்டார். மொட்டை, மழிப்பு எல்லாம் எங்களுக்குத்தான்.”

உண்மைதான். திவான் முதல் சேவகன் வரை சபையில் எல்லாத் தலையும் உரித்த வெங்காயம். மீசை தாடிகூட மிச்சமில்லை.

“சாமரம் வீசுற கிழவன்கூட கண்ணு கலங்கி நிக்கிறான்! உங்க கண்ணுல ஒரு சொட்டு இல்லையே? காது வரைக்கும் மீசையை முறுக்கிக்கிட்டு நேத்து குதிரையேறின மனுஷர், இன்னிக்கு எப்படிச் செத்தார்? விஷம்தானே?” துரை வாசல் பக்கம் திரும்பினார். “சிதையை நிறுத்துங்க! டாக்டர் உடம்பை அறுத்துப் பார்க்கட்டும். விஷம்னா உங்களுக்குத் தூக்கு, சமஸ்தானம் எங்களுக்கு!”

ஜோராவருக்குப் பேசாமல் அழுது தொலைத்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

“அறுங்க துரை,” என்றான். “ஆனா அங்க ரெண்டாயிரம் ராஜபுத்திரன் வாளோட நிக்கிறான். ராஜா உடம்புல கத்தி பட்டா, உங்க டாக்டர் முழுசாத் திரும்புவாரான்னு என்னால சொல்ல முடியாது.”

துரை உதட்டைக் கடித்தார். அதற்குள் ஆற்றங்கரையில் பீரங்கி முழங்கியது. சிதைக்குத் தீ வைத்தாயிற்று.

“ஹும்! கலகக்காரங்களை ஒளிச்சு வச்சதுக்கு உங்கப்பாவை ரங்கூனுக்குக் கப்பலேத்த உத்தரவு கொண்டு வந்தேன்.” காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். “முந்திக்கிட்டார் மனுஷர்!”

பூட்ஸ் சத்தம் படியிறங்கிப் போனது. திவான் கதவைத் தாழிட்டார். ஜோராவர் பாய்ந்து வந்து, சாமரம் வீசிய கிழவனின் காலில் விழுந்தான்.

“மன்னிச்சுடுங்க பாபோசா!”

“எழுந்திருடா,” என்று மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார் மகாராவல் லாகன் சிங். “அங்க சந்தனக்கட்டையோட எரியறது என் மீசை மட்டும்தான்.”