பார்த்துப் பார்த்து எடுத்த பாகங்கள்

மனைவியின் அண்ணனிடம் பதினோரு ஞாயிறாகக் கம்ப்யூட்டர் கேமில் தோற்று, மனைவி எதிரிலேயே மானம் கப்பலேறிய மாப்பிள்ளை, புதுக் கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் பொறுக்கக் கடைக்கு வந்திருந்தார்.

“இந்த பட்ஜெட்டுக்கே நல்ல கிராபிக்ஸ் கார்டு கிடைக்கும் சார்,” என்றார் கடைக்காரர்.

“வேணாம், அதோ அந்த மூலைல கிடக்கற பழைய கார்டு போதும். வெளிய மட்டும் கலர் கலரா லைட் எரியணும்.”

“ரேம்?”

“இருக்கறதுலயே சின்னது.”

“சார், கேம்ல சுடப் போற நேரம் பார்த்து அப்படியே நின்னுடும்!”

“நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, நிக்குமா?”

“கண்டிப்பா நிக்கும். அப்புறம் எப்படி சார் ஜெயிப்பீங்க?”

மாப்பிள்ளை நிதானமாகப் போனை எடுத்தார்.

“மச்சான், நீங்க சொன்ன பட்ஜெட்டுக்குள்ளயே உங்களுக்குப் பார்த்துப் பார்த்து எடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை இதுலயே விளையாடுங்க!”