ஏற்றுமதிக்கு மட்டும்

பொதியைக் கன்னத்துக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னான், கொழும்பிலிருந்து படமெடுக்க வந்தவன்.

பரீனா பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் மேல. அந்தப் பச்சை வட்டம் வடிவாத் தெரிய வேணும்."

தேங்காய்ப்பால் மாப் பொதி அது. அதன் மூலையில், ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவில், ஹலால் என்று அரபியில் எழுதிய ஒரு பச்சை முத்திரை ஒட்டியிருந்தது. அதை ஒட்டியவளும் பரீனாதான். பொதியிடும் பகுதியில் அவளுக்கு அதுதான் வேலை.

கமராவுக்குப் பின்னால் வெள்ளை அங்கி அணிந்த இரண்டு பேர் நின்றார்கள். ஜித்தாவிலிருந்து வந்தவர்கள். அங்குள்ள பெரிய கடைகளுக்குச் சரக்கு எடுப்பவர்கள். இந்தப் படமும் அந்தக் கடைகளின் சுவர்களுக்குத்தான்.

அவர்களுக்குப் பக்கத்தில் மேற்பார்வையாளர் சாள்ஸ் வியர்த்துக்கொண்டு நின்றார்.

முந்தின நாள் அவர்தான் அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "நாளைக்கு அபாயா உடுத்து வாங்க, பரீனா. உங்கட முகத்தைக் கண்டாத்தான் அந்தச் சனத்துக்கு நம்பிக்கை வரும்."

வேலைக்குச் சேர்ந்த அன்று அபாயாவைக் கழற்றச் சொன்னவரும் அவர்தான். இயந்திரத்தில் சிக்கும் என்றார். அன்று தொட்டு நீலச் சட்டையும் வலைத்தொப்பியும்தான். இயந்திரம் இருப்பதோ அடுத்த கட்டடத்தில்.

அவள் அபாயா உடுத்தே வந்தாள். மகள் அப்ரா இந்த வருடம் ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள். புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையில், அந்தக் கடற்கரைப் பக்கத்தில், மாதம் தவறாமல் சம்பளம் தருகிற இடம் வேறு இல்லை.

வந்தவர்களில் மூத்தவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

"உங்கட புருசன் என்ன வேலை எண்டு கேக்கிறார்," என்றார் சாள்ஸ்.

பரீனா அவரைப் பார்த்தாள். லாபிர் இறந்தது சாள்ஸுக்குத் தெரியாத விசயமில்லை.

"மவுத்தாகிட்டார் எண்டு சொல்லுங்க, சேர்."

சாள்ஸ் தொண்டையைச் செருமினார். பிறகு சிரித்த முகத்தோடு ஏதோ சொன்னார். அதில் 'ஃபிஷர்மன்' என்ற ஒரு சொல் மட்டும் அவளுக்கு விளங்கியது.

மூத்தவரின் முகம் மலர்ந்தது. நெஞ்சில் கை வைத்து அவளுக்கு ஸலாம் சொன்னார். அவளும் பதில் ஸலாம் சொன்னாள். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

லாபிர் ஒருநாளும் கடலுக்குப் போனதில்லை. தோணியில் ஏறினாலே வாந்தி எடுக்கிற மனிசன்.

"சிரியுங்க அக்கா," என்றான் படமெடுப்பவன்.

அவள் சிரித்தாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களின் வாகனம் போய்விட்டது. பரீனா அபாயாவைக் கழற்றி மடித்துவிட்டு, நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு தன் மேசைக்கு வந்தாள். கூடவே சாள்ஸும் வந்தார். பின்னால் தள்ளுவண்டியில் பொதிகள் வந்தன. காலையில் படத்துக்காக அடுக்கிவைத்த அதே பொதிகள்.

"அவங்க பாதிச் சரக்குத்தான் எடுக்கிறாங்களாம். மிச்சம் இங்கத்தக் கடைகளுக்குப் போகுது." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "முத்திரையை உரிச்சிருங்க, பரீனா. அது இல்லாட்டி அங்க வாங்கமாட்டாங்க. இருந்தா இங்க வாங்கமாட்டாங்க. நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு காலத்தில் உள்ளூர்ப் பொதிகளிலும் அந்த முத்திரை இருந்தது. பிறகு ஹலாலுக்கு எதிராக ஊர்வலம் வந்தது, கூச்சல் வந்தது, கம்பனிகள் பேசாமல் அதை எடுத்துவிட்டன. இப்போது அது கப்பலேறுகிற பொதிக்கு மட்டும். உள்ளே இருப்பது ஒரே தோட்டத்துத் தேங்காய், ஒரே மா.

"அடையாளமே தெரியக் கூடாது, சரியா?" என்று சொல்லிவிட்டு சாள்ஸ் போனார்.

பரீனா முதல் பொதியை எடுத்தாள். முத்திரையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தாள்.

பச்சை மட்டும் கிழிந்து வந்தது. அடியிலிருந்த வெள்ளைத்தாள் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

ஒரே இழுவையில் வராது. ஈரத்துணியால் ஊறவைக்க வேண்டும். தாள் போனாலும் பசை நிற்கும். அதை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட வேண்டும். அவசரப்பட முடியாத வேலை.

அவளுக்கு அது தெரியும். பார்த்திருக்கிறாள்.

முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தன்று லாபிரின் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் கூட்டம் நின்றது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஹலால் முத்திரையைச் சுரண்டச் சொன்னார்கள்.  லாபிர் வாளியில் தண்ணீர் எடுத்து வந்து, வாசலில் அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து சுரண்டினார். சமையலறைக் கதவுக்குப் பின்னால், அப்ராவின் வாயைப் பொத்திக்கொண்டு பரீனா நின்றாள்.

தாள் போய்விட்டது. பசை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அதையும் சுரண்டி முடிக்கும்வரைக்கும் அவர்கள் அவரை விட்டுவைக்கவில்லை.