அசைந்த பிணம்

செத்துக் கிடந்த சிப்பாய் மறுபடியும் கண்ணைத் திறந்தான்.

அவன் மார்பில் விழுந்து அழுதுகொண்டிருந்த பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“கட்! கட்!” டைரக்டர் பிரதாப் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். “ஐயா, நீங்க இப்ப வெறும் பொணம். பேயா எழும்புறது அடுத்த சீன்லதான்!”

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே சைப்ரஸ் காட்டில் ஒரு பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பர்மா யுத்தத்தில் செத்த சிப்பாய்கள் பேயாக எழுந்து, தங்களைக் கைவிட்டு ஓடிய தளபதியைத் தேடிப் போகிற கதை. பிணமாகப் படுத்திருந்தவர் அழகுமுத்து. கீழே தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர், அறுபத்தொரு வயது. முறுக்கு மீசைக்காகவே அவருக்கு சார்ஜன்ட் வேஷம் கிடைத்தது.

“மன்னிச்சுக்கங்க ஐயா. இந்தவாட்டி ஒழுங்கா கெடக்குறேன்.”

இதையேதான் போன தடவையும் சொன்னார்.

நான்காவது டேக். புருஷனைத் தேடிக் காட்டுக்கு வந்த மனைவியாக நடித்த பிரியந்தி, கிளிசரின் இல்லாமலே அழக்கூடியவர். “எந்திரிங்களேன்… என்னையத் தனியா விட்டுட்டுப் போக எப்பிடி மனசு வந்துச்சு?” என்று அவர் கதறியதும் லைட் பையன்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். கண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பிணத்தின் கன்னத்தில் விழுந்தது.

பிணம் இருமியது.

“பேயா நடிக்க வந்தவருக்கே பேய்ப் பயம்டா!” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அழகுமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

அவரைக் கூட்டிவந்த உதவி டைரக்டர் திலக்ஷனுக்கு மானம் போயிற்று. பக்கத்துக் கொட்டகலைக்காரன் அவன். காலையில் இதே மனுஷன் பதுங்குகுழிச் சேற்றில் ஒரு மணி நேரம் குப்புறக் கிடந்தார். கழுத்தில் இரண்டு அட்டை ஏறி வயிறு நிரம்ப ரத்தம் குடித்துவிட்டுத் தானாக விழுந்தன. ஆள் அசையவில்லை. பொணம்னா இப்படி இருக்கணும் என்று டைரக்டரே பாராட்டினார்.

ஐந்தாவது டேக்கில் கால் உதறியது. ஆறாவதில் மீசை துடித்தது.

மலைக்கு மேலிருந்து பனிமூட்டம் இறங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் பத்து நிமிஷம் போனால் எதிரில் இருப்பவன் முகமே தெரியாது.

“இதுதான் கடைசி. இன்னொரு தடவ அசைஞ்சா வேற ஆளப் படுக்கப் போடு” என்றார் டைரக்டர்.

திலக்ஷன் மாற்று ஆளுக்காகப் பெயர்ப் பட்டியலைப் புரட்டினான். அழகுமுத்துவின் பெயருக்கு நேரே, அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் என்ற கட்டம் காலியாக இருந்தது. “அத சும்மா விடுங்க தம்பி” என்று காலையில் அவர்தான் சொல்லியிருந்தார்.

“வேற ஆளெல்லாம் வேணாங்க” என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, அழகுமுத்து தானே போய்ப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஏழாவது டேக். பிரியந்தி அவர் முகத்தைக் கையிலேந்தி, நெற்றியில் நெற்றி வைத்து அழுதார். பிணம் மூச்சுக்கூட விடவில்லை.

“ஓகே! பேக்கப்!”

கைதட்டினார்கள். விளக்குகளை அணைத்தார்கள். பிரியந்தி கண்ணைத் துடைத்தபடி வேனில் ஏறிவிட்டார். அழகுமுத்து மட்டும் எழுந்திருக்கவில்லை.

திலக்ஷன் கையிலிருந்த பட்டியலைக் கீழே போட்டான். ஓடிப்போய்த் தோளை உலுக்கினான். “ஐயா! ஐயா!”

கண் மெல்லத் திறந்தது. “முடிஞ்சிருச்சா தம்பி?”

“பயந்தே போயிட்டேன். இப்ப இவ்வளவு நல்லாக் கெடந்தீங்களே, இத மொதத் தடவையே செஞ்சிருக்கக் கூடாதா?”

கன்னத்திலிருந்த ஈரத்தை அவர் துடைக்கவில்லை. வேன் போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அசையாம கெடந்தா, அந்தம்மா ஒரு தடவதான தம்பி எனக்காக அழுவாங்க?”