ஒரு மணி மேசை

மேசையை நேற்றுச் சாயங்காலமே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தரையில் அதன் கால்கள் நின்ற இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

சாப்பாட்டுக்கூடம் இனி ஒரு கூரியர் கம்பெனியின் கிடங்கு. வாடகை வருமாம்.

முத்தரசு டப்பாவை எடுத்துக்கொண்டு தன் இருக்கைக்குத் திரும்பினான். சுற்றறிக்கை தெளிவாகவே இருந்தது. இரண்டு அணிகள். சாப்பிட இருபது நிமிடம். அவரவர் இருக்கையில். தலைக்கு மேல் புதுக் கேமரா.

அவனுக்கு ஒரே கவலைதான். டப்பா காலி என்பது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது.

சாக்கோட்டை சாலையில் பம்ப்செட் கம்பெனி தொடங்கிய அன்று பெரியவர் தேனப்பன் போட்ட மேசை அது. ஒரு மணி அடித்தால் எல்லோருடைய டப்பாவும் அதன் நடுவே வந்துவிட வேண்டும். வெறுங்கையோடு வரக் கூடாது. தன் டப்பாவில் தானே கை வைக்கவும் கூடாது. முதலாளிக்கும் அதே சட்டம்தான். அவர் வீட்டுக் குழிப்பணியாரத்தை வாட்ச்மேன் தின்பார். வாட்ச்மேன் வீட்டுப் புளிச்சோற்றுக்கு முதலாளி அலைவார்.

பெரியவர் படுக்கையில் விழுந்ததும் மருமகன் வந்து உட்கார்ந்தார். முதலில் நாலு மணி டீ நின்றது. பிறகு ஆயுத பூசைப் பொரி. பிறகு மூன்று பேரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதற்கப்புறம் யாரும் யாருடைய இருக்கைக்கும் போவதில்லை. போன வாரம் முருகப்பன் பக்கத்து இருக்கையருகே நின்று சிரித்ததற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தான்.

சிரித்ததற்கு.

அவன் மனைவி சத்தியப்பிரியா இறந்து எட்டு மாதம் ஆகிறது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளில், ஆணியில் தொங்கிய டப்பாப் பையைப் பழக்கத்தில் கை எடுத்துக்கொண்டது. மேசையில் வைக்கும்போதுதான் அதில் கனமே இல்லை என்று உறைத்தது. மூடியைத் திறக்காமல் ஓரமாகத் தள்ளி வைத்தான். கரண்டிச் சத்தத்திலும் அப்பளச் சண்டையிலும் யாரும் கவனிக்கவில்லை. அவன் இலையில் சோறு விழுந்துகொண்டே இருந்தது.

மறுநாளும் காலி டப்பாவோடு வந்தான். அதற்கு மறுநாளும்.

ஒரே ஒரு முறை மாட்டிக்கொள்ளப் பார்த்தான். மீனாட்சிசுந்தரம் அந்த டப்பாவை நோக்கிக் கை நீட்டிவிட்டார். கணக்குப் பிரிவு ஈஸ்வரி கரண்டிக் காம்பால் அந்தக் கையில் ஒன்று போட்டாள்.

“அங்குட்டு என்னத்தத் துழாவுறீக? என் கருவாட்டுக் கொழம்ப ஆரு திங்கிறது, உங்க மாமியாரா?”

மேசையே குலுங்கியது. அவனும் சிரித்தான். சத்தியா போனபிறகு வந்த முதல் சிரிப்பு. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது அணிக்கு மணி அடித்தது.

கணினித் திரையின் மறைவில் டப்பாவைத் திறந்தான். உள்ளே விரல்களைக் குவித்தான். வாய்க்குக் கொண்டுபோனான். மென்றான். கேமராவுக்கு அது போதும்.

எல்லோரும் எதிரே இருந்த சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். இவ்வளவு பேர் மெல்லும் சத்தத்தை அவன் இதற்குமுன் கேட்டதே இல்லை.

பதினைந்தாவது நிமிடம் எழுந்து, பின்கட்டுக் குழாய்க்குப் போனான். கழுவப் போகாவிட்டால் சந்தேகம் வரும்.

குழாயடிக் குப்பைக்கூடையில் சோறு கிடந்தது. முதல் அணி கொட்டிவிட்டுப் போனது. வேர்க்கடலை தூக்கலான எலுமிச்சைச் சோறு; மீனாட்சிசுந்தரம் வீட்டுக் கைப்பக்குவம். பக்கத்தில் மாதுளை முத்துப் போட்ட தயிர்ச்சோறு, முருகப்பன் வீட்டுடையது. பார்த்த மாத்திரத்தில் அவன் நாக்குக்குத் தெரிந்தது. எச்சில் படாத சோறு.

ஈஸ்வரி வந்து நின்றாள். அவள் டப்பாவில் பாதிக்குமேல் குழம்புச் சோறு மீந்திருந்தது. அதைக் கூடையில் கவிழ்த்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

“எட்டு மாசமா ஆளுக்கு ரெண்டு பிடி கூட வச்சே பழகிருச்சு, தம்பி. இன்னைக்கும் கை கேக்கல.”

உள்ளே மணி அடித்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வேகமாக நடந்தாள்.

முத்தரசு டப்பாவைக் குழாயடியில் வைத்துச் சோப்புப் போட்டான். மூடிக்கும் போட்டான்.