செடி மட்டும்தான்

தண்ணீர் தெளிந்துவிட்டது!

ஜம்புகுமார் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் ஓடி, கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். தொட்டிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தேதி தெரிந்தது. கிழமையும் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் ராகு காலம்கூடப் படிக்கலாம்.

தேரடி வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிற பெரிய மனிதர், ஆளில்லாத வீட்டில் தனியாக நின்று கைதட்டினார்.

பின்னே? இந்தத் தொட்டி அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமா?

வேலூரில் ஒரு பல் டாக்டர் வீட்டில் பார்த்தது. தண்ணீருக்கடியில் ஒரு காடு! பல்வலியை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லைப் பிடுங்கிக்கொண்ட கையோடு, தானும் ஒன்று வைத்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டார்.

மனைவி குசுமாவதி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“செடி மட்டும்தான். உள்ள ஒரு உயிர் இருந்துச்சு, அன்னிக்கே தொட்டி வீட்டை விட்டுப் போயிடும்.”

செடிக்கும் உயிர் உண்டே என்று வாய் வரைக்கும் வந்ததை ஜம்புகுமார் விழுங்கிக்கொண்டார்.

அவள் சொன்னது நியாயம்தான். குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டி, பொழுது சாய்ந்தபின் பல்லில் ஒரு பருக்கை படாமல் வாழ்கிற ஜைனக் குடும்பம். அங்கே மீனைப் பிடித்து அடைத்துவைத்து வேடிக்கை பார்ப்பதா? தொட்டிக்கு ஊற்றிய ஒவ்வொரு குடத்தையும் அவரே வடிகட்டித்தான் ஊற்றினார்.

டிவி இருந்த மேசை தொட்டிக்குப் போனது. டிவி ஸ்டூலுக்குப் போனது. மணலைக் கழுவிக் கழுவிப் போட்டார். அடி அண்ணாமலைப் பக்கம் ஏரியில் வேட்டி நனைய இறங்கி வேலம்பாசி அள்ளிவந்து நட்டார். நட்டதெல்லாம் விடிவதற்குள் மேலே வந்து மிதந்தது. கூழாங்கல்லில் வைத்து நூலால் கட்டினார். ஒருவழியாக வேர் பிடித்தது. அப்பாடா என்று உட்காரும்போது தண்ணீர் வெளுக்கத் தொடங்கியது.

மாற்றி ஊற்றினால் ஒரு நாள் தெளிவு. மறுநாள் பார்த்தால் அரிசி களைந்த தண்ணீர்.

மணல் சரியில்லை என்று மணலை மாற்றினார். போர் தண்ணீர் சரியில்லை என்று குழாய்த் தண்ணீர் பிடித்தார். தொட்டி செய்து கொடுத்த கண்ணாடிக் கடைப் பரசுராமன் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தான்.

“இன்னா சார், மாவு கரைச்சு வெச்சிருக்கீங்களா?”

ஜம்புகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கு ஒரு வாய் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தார்.

தங்கையின் வளைகாப்புக்கென்று குசுமாவதி ஊருக்குப் போன அன்றுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. பல்பு! தொட்டிக்கு மேல் எரிந்த மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு டியூப்லைட் மாட்டினார். அன்றிலிருந்து தண்ணீர் நாளுக்கு நாள் தெளிந்து வந்தது. கடைக்குக் குடம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் டியூப்லைட்டின் மகிமையை எடுத்துச் சொன்னார். அவர்களும் பாவம், குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

இதோ, இன்றைக்குக் குசுமாவதி திரும்பி வருகிறாள். வந்து பார்க்கட்டும். பார்த்து வாயைப் பிளக்கட்டும்.

அப்போதுதான் பாசிக்கு நடுவில் ஏதோ அசைந்தது.

மீன்.

சுண்டுவிரல் நுனி அளவுதான். இரண்டு பெரிய கண், வெள்ளி வயிறு. ஏரியிலிருந்து பாசியோடு முட்டையாக ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஜம்புகுமார் சந்தோஷத்தில் மறுபடியும் கைதட்டப் போனார். அவர் நட்ட காட்டில் ஓர் உயிர் பிறந்து, நல்ல சாப்பாடு கண்ட பிள்ளை மாதிரி வயிறு தள்ளி நீந்துகிறது!

அடுத்த நொடி நிபந்தனை ஞாபகத்துக்கு வந்தது.

உயிர்! குசுமாவதி பார்த்தால் தொட்டி போய்விடும். இவ்வளவு பாடுபட்டு, தெளிந்த அன்றைக்கே போய்விடும்.

சொம்பை எடுத்துவந்தார். மொண்டுகொண்டு போய் ஏரியில் விட்டுவிடலாம். சொம்பு தண்ணீரைத் தொட்டதும் குஞ்சு பாசிக்குள் புகுந்துகொண்டது. மறுபடி எட்டிப் பார்த்தது. மறுபடி புகுந்துகொண்டது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

சொம்பை ஜன்னலில் வைத்துவிட்டு, ஈரக் கையைப் பின்னால் கட்டியபடி, தொட்டியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். முதுகைவிடத் தொட்டி அகலம்.

குசுமாவதி உள்ளே வந்தாள். அவரையும் பார்க்கவில்லை, டியூப்லைட்டையும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். வெயில் அதன் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று சமையலறைக்குப் போனவள் அரிசி மாவு டப்பாவோடு திரும்பி வந்தாள்.

“கொஞ்சம் தள்ளுங்க. பொழுது சாயறதுக்குள்ள போடணும்.”

அவரை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, ஊருக்குப் போயிருந்த நாட்களுக்கும் சேர்த்து, கை நிறைய அள்ளித் தண்ணீர் மேல் தூவினாள். குஞ்சு பாசியை விட்டு அவள் கைக்கு நேராகப் பாய்ந்து வந்தது.

மாவு வெள்ளை வெள்ளையாக இறங்கியது. காலண்டரில் முதலில் ராகு காலம் மறைந்தது. அப்புறம் கிழமை மறைந்தது. ஜம்புகுமார் தலையை உயர்த்தி டியூப்லைட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

குசுமாவதி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடினாள்.

“ஒண்ணுதானே வருது. மத்த ரெண்டும் எங்கங்க?”